பொட்டுக்குள் போன சிங்கப்பூர்

மகளுக்கு ஐந்து வயது முடிந்த வாரம், மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் எட்டு அங்குல உலக உருண்டை ஒன்று வாங்கினோம். விலை 480 ரூபாய்.

"இதுக்குள்ள என்ன மாமா இருக்கு?"

"காத்துதான் பாப்பா."

"காத்து சும்மாதானே கிடைக்கும்? அப்பக் குறைச்சுக்கங்க."

நான் பேரம் பேசியபோது நிமிர்ந்துகூடப் பார்க்காத மனுஷர், சிரித்துக்கொண்டே முப்பது ரூபாய் குறைத்தார். இனி துணிக்கடைக்கும் இவளைத்தான் கூட்டிப்போக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் புகார்: "சாஞ்சு நிக்குது, மாத்திட்டு வாங்கப்பா." அதற்குள் என் அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, காலண்டர் அட்டையை மடித்து அடியில் முட்டுக் கொடுத்துவிட்டார். பூமியே 23.5 டிகிரி சாய்ந்துதான் சுற்றுகிறது, அதனால்தான் வெயில்காலமும் குளிர்காலமும் மாறி மாறி வருகின்றன என்று விளக்கினேன்.

"அப்ப மதுரை மட்டும் நேரா நிக்குதா?"

"ஏன்டா?"

"இங்க எப்பவும் வெயில்தானே அடிக்குது."

அப்பத்தாவின் அட்டை வீண்போகவில்லை. பிளாஸ்டிக் அடிப்பாகம் சமமாக இல்லை. அட்டை இல்லாவிட்டால் உருண்டையைச் சுற்றும்போது மொத்தமும் தடதடவென்று ஆடுகிறது. மூன்று மாதமாக அது அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்த குறை, ஒட்டு. இரண்டு அரைக்கோளங்களைப் பூமத்திய ரேகையில் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் பொருத்தம் சரியில்லை. சுமத்ராவின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்திருக்கின்றன. போர்னியோவில் கோடு விரிசல் மாதிரியே தெரிகிறது. மகள் அதைத் தடவிப் பார்த்து, "பூமிக்குத் தையல் போட்டிருக்காங்க, அடிபட்டுச்சா?" என்றாள். மறுநாள் போர்னியோவுக்கு பேண்ட்-எய்ட் போடப்பட்டிருந்தது. பிய்த்து எடுத்தேன். பாதித் தீவு அதோடு வந்துவிட்டது. அச்சு அவ்வளவு மட்டம்.

பெட்டியில் 'புதிய பதிப்பு' என்று போட்டிருந்தது. உள்ளே ஸ்வாஸிலாந்து இருக்கிறது. அந்த நாடு 2018-லேயே பெயரை எஸ்வாட்டினி என்று மாற்றிக்கொண்டது. வாங்கும்போது தென்னாப்பிரிக்காவை ஒட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அச்சு எவ்வளவு பழையது என்று தெரிந்துவிடும்.

காற்று விஷயத்தை அவள் அதோடு விடவில்லை. நிஜ பூமிக்குள்ளே பாறைக் குழம்பு இருக்கிறது என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து அப்பத்தாவிடம் சொன்னாள்.

"என்ன குழம்பு? புளி ஊத்துனதா?"

"இல்ல அப்பத்தா, ரொம்பச் சூடு. வாய் வெந்துடும்."

"ஆறவெச்சுச் சாப்பிட வேண்டியதுதான்."

"ஆறுனா கல்லாயிடும்."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், இருவரும் அன்றைய காரக்குழம்பைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து. சமாதானம் செய்ய எனக்கு அரைமணி நேரமானது.

அளவு பற்றிச் சொல்லியாக வேண்டும். எட்டு அங்குல உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 630 கிலோமீட்டர். தமிழ்நாடே சுண்டுவிரல் நகத்தளவுதான். மதுரை எங்கே என்று காட்ட மகள் தன் அம்மாவின் பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டினாள். மதுரை வந்தது, கேரளமும் இலங்கையில் ஒரு பங்கும் போய்விட்டன. இருப்பதிலேயே சின்னப் பொட்டைத் தேடி ஒட்டியும் திருச்சிவரை மறைந்தது. பூதக்கண்ணாடி கேட்டு இப்போது நச்சரிப்பு. ஊர் தேடி விளையாடும் பிள்ளை என்றால் இன்னும் கொஞ்சம் காசு போட்டுப் பன்னிரண்டு அங்குலமே வாங்கிவிடுங்கள். சும்மா சுற்றி விளையாட இது போதும். நான் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதில் அரை கடைக்காரர் குறைத்த முப்பது ரூபாய்க்கு.

சிங்கப்பூரிலிருக்கும் என் தம்பிக்கும் ஒரு பொட்டு உண்டு. அந்தத் தீவு முழுசாக அதற்குள் அடக்கம். இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சூரியனாக்கி, உருண்டையைச் சுற்றி அங்கே முதலில் இருட்டுகிறது என்று கண்டுபிடித்தாள். இரண்டரை மணி நேர வித்தியாசம் என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். போன ஞாயிறு ஒன்பது மணிக்கு அவன் வீடியோ காலில் வந்து, "என்னடா குட்டி, இன்னும் தூங்கலையா?" என்றான்.

"எனக்கு ஒன்பதுதான் சித்தப்பா. உங்களுக்குப் பதினொன்றரை. போய்ப் படுங்க" என்று காலைக் கட் பண்ணிவிட்டாள்.