கிண்டித் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பார்க்கிங்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் எனக்குப் புது வேலை. சம்பளக் கணக்குப் பிரிவு. வேலை பிடித்திருக்கிறது, மேலாளரும் நல்ல மனிதர். சேருவதற்கு முன்னால் இந்த அலுவலகத்தைப் பற்றி வலையில் தேடியபோது சம்பளம், லீவு, கேன்டீன் எல்லாவற்றைப் பற்றியும் படிக்கக் கிடைத்தது. வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஒரு வரிகூட இல்லை. தினமும் வண்டியில் வருகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன். கட்டடத்தின் பெயர் வேண்டாம். அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களிடம் பேசியதில், அவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்.

இந்தத் தொழிற்பேட்டை 1958-இல் வந்தது. லேத் பட்டறைகளுக்கும் சரக்கு லாரிகளுக்கும் போட்ட சாலைகள். பட்டறை இருந்த மனைகளில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, சாலை மட்டும் அதே அகலம். நான் நெற்குன்றத்திலிருந்து வருகிறேன். கோயம்பேடு, வடபழனி, அசோக் பில்லர், காசி தியேட்டர் என்று நூறடிச் சாலையில் ஸ்கூட்டரில் வந்து பேட்டைக்குள் திரும்பினால் ஒரு பக்கம் இரும்புக் கம்பி இறக்கும் லாரி, இன்னொரு பக்கம் ஆள் இறக்கும் கால் டாக்சி. ஒன்பதரை மணிக்கு எங்கள் கேட்டில் நிற்கும் வரிசையின் வால் சாலையில் கிடக்கிறது.

கேட்டுக்கு உள்ளே, அடித்தளப் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவுப் பாதை. காரும் பைக்கும் அதே வழியில்தான் இறங்க வேண்டும், ஏறுகிற வண்டிகளுக்கும் அதே வழி. வளைவில் குவிகண்ணாடி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதன் மேல் தூசி படிந்து எதிரே வருவது நிழலாகத்தான் தெரிகிறது. ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் சரிவின் நடுவே ஒரு கோடாக ஓடுகிறது. ஸ்கூட்டரில் கியர் பிடித்து வேகத்தைக் குறைக்க வழியில்லை, முழுக்க பிரேக்தான். அந்த ஈரத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கீழே இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது "ஹேண்டில் லாக் போடக் கூடாது" என்ற பலகை. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். இடத்துக்கு மேல் வண்டிகளை விடுகிறார்கள். ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் குறுக்கே மூன்றாவது. உள்ளே மாட்டிய வண்டியை எடுக்க வேண்டுமானால் வெளியே நிற்கும் நான்கைந்து வண்டிகளை நகர்த்தியாக வேண்டும், அதற்காக யாரும் பூட்டக் கூடாது. ஒரு ஸ்கூட்டர் நூறு கிலோவுக்கு மேல் எடை. செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் காலை முழுக்க அவற்றைப் பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார். என் இடது பக்கக் கண்ணாடி ஏற்கெனவே ஆடுகிறது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் வண்டியில் இண்டிகேட்டர் உடைந்தே போய்விட்டது.

அந்தப் பலகைக்கு நேர் கீழே இன்னொரு பலகை: "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பூட்டாதே, ஆனால் தொலைந்தால் எங்களைக் கேட்காதே. டில்லி ஓட்டல் ஒன்றில் வாலே பார்க்கிங்குக்கு, அதாவது ஓட்டல் ஊழியரே நிறுத்தி வைக்கக் கொடுத்த கார் திருட்டுப் போன வழக்கில், சீட்டில் "உரிமையாளரின் பொறுப்பில்" என்று அச்சிட்டுவிட்டு ஓட்டல் தப்பித்துக்கொள்ள முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே சாவியை ஓட்டல் வாங்கிக்கொண்டது, இங்கே சாவி நம் பையில் இருக்கிறது. அதனால் அந்தத் தீர்ப்பு இங்கே அப்படியே பொருந்தாது என்பது புரிகிறது. இருந்தாலும் பூட்டுகிற உரிமையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள், என்னைக் கேட்காமல் வண்டியைத் தள்ளி வைப்பவர்கள், பொறுப்பை மட்டும் என்னிடமே விட்டுவிடுவது எந்த வகையிலும் நியாயமாகத் தெரியவில்லை. வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்டு, பூட்டியிருந்ததா என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அங்கே போய் இந்தப் பலகையைக் காட்ட முடியுமா?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஸ்டிக்கர் வரும்வரை தினமும் தற்காலிக பாஸ் வாங்க வேண்டும். பாஸ் தருவது தரைத்தள வரவேற்பில், கேட்பது கேட்டில். ஆக, வண்டியை வெளியே சாலையில் ஓரங்கட்டி, உள்ளே ஓடி, பதிவேட்டில் எழுதி, சீட்டை வாங்கி வந்து, மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஸ்டிக்கர் எப்போது வரும் என்று எங்கள் அட்மினிடம் கேட்டால் கட்டட நிர்வாகத்துக்கு எழுதியாயிற்று என்கிறார்கள். கட்டட நிர்வாகத்திடம் கேட்டால் உங்கள் கம்பெனி பட்டியல் அனுப்பவில்லை என்கிறார்கள். ஸ்டிக்கர் இன்னும் வரவில்லை.

இதெல்லாம் இடம் இல்லாததால்தானே என்று யாராவது கேட்கலாம். அப்படி இல்லை. அதே அடித்தளத்தின் வடக்கு மூலையில் கார்களுக்கு என்று கோடு போட்ட ஒரு வரிசை முழுக்கக் காலியாக, சங்கிலி போட்டுக் கிடக்கிறது. ஐந்தாவது மாடியில் இருந்த ஒரு நிறுவனம் காலி செய்துவிட்டுப் போனதாம். அடுத்த வாடகைதாரர் வரும்வரை அந்த இடத்தை யாருக்கும் தர மாட்டார்களாம். அலுவலக வாடகை ஒப்பந்தங்களில் ஆயிரம் சதுர அடிக்கு ஒரு கார் இடம் என்ற மாதிரி எழுதுவது பரவலான வழக்கம். அந்த ஆயிரம் சதுர அடியில் இன்று பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைக்கிறார்கள். எங்கள் தளத்தில் பெரும்பாலானவர்கள் இரு சக்கர வண்டியில் வருகிறவர்கள். ஒப்பந்தத்தில் கார் மட்டும்தான் கணக்கு, ஸ்கூட்டருக்கு எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே. கார் நிறுத்துமிடம் என்பது இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அதில் ஐந்து ஸ்கூட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் தாராளமாக, பூட்டி, யாரையும் இடிக்காமல் நிறுத்தலாம். அந்தச் சங்கிலிக்குள் இருக்கும் வரிசையைத் திறந்துவிட்டாலே மூன்றாவது குறுக்கு வரிசை தேவைப்படாது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே மற்றவர் வண்டிகளைத் தள்ளுகிறோம்.

கார்காரர்களின் நிலையும் பெரிய சுகம் இல்லை. எங்கள் பிரிவின் மூத்தவர் ஒருவருக்கு அடுக்குப் பார்க்கிங்கில் மேல்தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். கீழே நிற்கும் காரை எடுத்தால்தான் மேல்தட்டை இறக்க முடியும். கீழ்க்காரின் சொந்தக்காரர் மூன்றாவது மாடியில் மீட்டிங்கில் இருந்தால் இவர் காத்திருக்க வேண்டியதுதான். அவருக்கு முழங்கால் வலி வேறு.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் முடிக்க இரவு ஒன்பது ஆகிவிடும். அப்போது அடித்தளத்தில் பாதி விளக்குகளை அணைத்து விடுகிறார்கள். போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தனியாக வண்டியைத் தேடுவது எந்தப் பெண்ணுக்கும் சரியாகப் படாது. இதை அட்மினிடம் எழுத்தில் கொடுத்தேன். அடுத்த வாரமே சரிவுப் பாதைப் பக்கம் விளக்குகளை எரிய விட்டார்கள். அதற்கு நன்றி. மீதி வரிசைகள் இன்னும் இருட்டுத்தான்.

மழைக்காலத்தை நினைத்தாலே கவலையாக இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனை அடித்தளங்கள் நிரம்பின என்று பார்த்தோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருக்கிறது, பார்த்தேன். மழை எச்சரிக்கை வந்தால் வண்டிகளை எங்கே மாற்றுவது என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

பாராட்ட வேண்டியவர்கள் செக்யூரிட்டிகள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அந்தப் புகைக்குள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பதால் எந்த முடிவும் அவர்கள் கையில் இல்லை, திட்டு மட்டும் அவர்களுக்கு. என் கண்ணாடி ஆடுவதைப் பார்த்துவிட்டு அந்த அண்ணன், "மன்னிச்சுக்கோங்க மேடம், நாளைக்கு ஸ்பேனர் கொண்டாந்து டைட் பண்ணித் தர்றேன்" என்றார். கொண்டுவந்தார். நான் கொடுக்கும் இரண்டு நட்சத்திரத்தில் ஒன்றரை அவர்களுக்கே.

வெளியே சாலையில் நிறுத்துவதை மறந்துவிடுங்கள். நோ பார்க்கிங் அபராதம் முதல் தடவை 500 ரூபாய், மறுபடி சிக்கினால் 1,500. எண்பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், சலான் போனுக்கு வரும். என்னோடு சேர்ந்த பையனுக்குத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வந்தது.

எனக்கு இப்போது கைகொடுப்பது மெட்ரோ. கோயம்பேடு நிலையத்தில் ஸ்கூட்டரை நிறுத்திப் பூட்டிவிட்டு ஈக்காட்டுத்தாங்கலில் இறங்குகிறேன். ஐந்தாவது நிறுத்தம், ரயில் மாற வேண்டாம். க்யூஆர் டிக்கெட் எடுத்தால் கட்டணத்தில் 20 சதவீதம் குறைவு. அங்கிருந்து அலுவலகத்துக்குக் கால் மணி நடை. நடைபாதை சீராக இல்லை, வெயிலில் குடை வேண்டும். ஆனாலும் வியர்த்து வந்து உட்காரும்போது மனசில் எரிச்சல் இல்லை. மாதக் கடைசியில் இரவு நேரமாகும் நாட்களில் மட்டும் அடித்தளத்துக்குப் போகிறேன்.

இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மனிதவளத்துறையிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இரு சக்கர வண்டிக்கு என்று எண்ணிட்ட இடம் உண்டா, வண்டியைப் பூட்டலாமா, ஸ்டிக்கர் சேர்கிற அன்றே கிடைக்குமா. வாய்வார்த்தையாக வேண்டாம், மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

வடக்கு மூலைச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி எங்கள் தளத்தில் கையெழுத்து வாங்கிக் கட்டட நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறோம். பொறுப்பல்ல என்ற பலகையைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறோம். இரண்டையும் சரி செய்தால் மூன்றரை நட்சத்திரமாக மாற்றுகிறேன். அதுவரை இரண்டுதான்.