பங்க் காற்றா, வீட்டுக் காற்றா?

பெங்களூரில் எங்கள் குடியிருப்பிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க்கில்தான் பல ஆண்டுகளாகக் கார் டயர்களுக்குக் காற்று நிரப்பி வந்தேன். இப்போது காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் இயங்கும் சிறிய கம்ப்ரஸரை வாங்கி, வண்டி நிற்கும் இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

பங்க்கின் நிறைகள் எல்லோரும் அறிந்தவை: காசு கொடுக்க வேண்டியதில்லை, ஐந்தே நிமிடத்தில் நான்கு டயர்களும் முடிந்துவிடும். அடியோடு இறங்கிய டயரை நிரப்ப இன்றும் அங்குள்ள பெரிய இயந்திரமே சிறந்தது; என் கருவி அதற்கு நெடுநேரம் இரைந்து, கைபொறுக்காத அளவுக்குச் சூடாகிவிடும்.

ஆனால் என்னை மாற்றியது வேறொன்று. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்துள்ள அளவு, என் காரில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு), குளிர்ந்த டயருக்கானது. அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு பார்க்க வேண்டிய அளவு. ஓடும்போது டயர் சூடாகி, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் உயர்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கூடும். நண்பகல் வெயிலில் நெரிசலைக் கடந்து பங்க்கை அடைந்த டயரில் 33 வைத்தால், மறுநாள் விடியற்காலையில் அது 30 அல்லது 31 என்றே காட்டும். காற்று அடித்த பையன் மீது குற்றமில்லை. நான் கேட்ட எண்ணைத்தான் அவர் வைத்தார். பல மாதங்கள் இப்படிக் குறைவான காற்றிலேயே ஓட்டியதை, முன் டயர்களின் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிட அதிகமாகத் தேய்ந்திருந்ததைக் கண்ட பிறகே உணர்ந்தேன்.

வீட்டில் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன் பார்த்தால் இந்தக் குழப்பமே இல்லை. என் கருவியின் அழுத்தமானியும் தனியாக வாங்கிய கையடக்க மானியும் 1 பிஎஸ்ஐ அளவுக்கு முரண்படுகின்றன. எது சரி என்று என்னால் தீர்மானிக்க இயலவில்லை. ஆயினும் எப்போதும் ஒரே மானியில் பார்ப்பதால், நான்கில் ஒன்று மட்டும் வேகமாக இறங்குவது உடனே தெரிந்துவிடுகிறது. பின்பக்க இடது டயரில் ஏறியிருந்த ஆணியை அப்படித்தான் கண்டுபிடித்தேன். உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகவே இறங்கும் என்பதால் வேறு எந்த அறிகுறியும் தெரியவில்லை.

சூட்டில் அழுத்தம் ஏறாது என்று சொல்லி, காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் நிரப்பச் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடேறினால் அதன் அழுத்தமும் உயரும். அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை.

பேட்டரியில் இயங்கும் கருவிகளை நான் பயன்படுத்தியதில்லை. அவற்றின் பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். என் கருவியின் இரைச்சல் மட்டும் உண்மையான குறை. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் ஓசூர் வழியாகச் சேலம் புறப்படும் நாட்களில், முழுச் சுமைக்கெனத் தாளில் தனியே குறித்துள்ள கூடுதல் அளவை விடியற்காலை நான்கரை மணிக்கு நிரப்பும்போது, தரைத்தளத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்தும் ஓசை கேட்கிறது.