முட்டி வலியோடு ஆடுகிறவர்களுக்கு: இந்திரா நகர் பிஸியோதெரபிஸ்ட் பற்றி

ஆடுகிற பெண்கள் முட்டி வலி என்று போய் நின்றால் பல இடங்களில் முதலில் சொல்வது, "டான்ஸை நிறுத்திடுங்க." பரதம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கும் ஓரிடத்தில் அதைத்தான் சொன்னார்கள். முட்டியைச் சுற்றிப் பட்டை ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள், மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள். நான் ஆடி ஒருவரும் பார்க்கவில்லை. அடையாறு இந்திரா நகரில் ஒரு வீட்டு மாடியில் தனியாக கிளினிக் நடத்தும் இந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுதான் காரணம். பிஸியோதெரபி படித்துவிட்டு விளையாட்டுக் காயங்களில் மேல்படிப்பு முடித்தவர். மாரத்தான் ஓடுகிறவர்களும் ஷட்டில் ஆடுகிறவர்களும் எங்களைப் போன்ற டான்ஸ்காரர்களும்தான் அவரிடம் அதிகம் வருகிறார்கள்.

எனக்கு வலி வலது முட்டிச் சில்லைச் சுற்றி. படி இறங்கினால் வரும். வகுப்பில் வெகுநேரம் சம்மணம் போட்டு, தட்டுக்கழியால் தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்துவிட்டு எழுந்தால் வரும். உள்ளே போனதும் ஸ்கேனைக் கேட்பார் என்று நினைத்தேன். "டீச்சர், தட்டடவு மூணு காலமும் ஆடிக் காட்டுங்க" என்றார். காலைத் தரையில் தட்டி ஆடும் அடிப்படை அடவு அது; காலம் என்றால் வேகம், மூன்றாவதுதான் அதில் அதிவேகம். முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை போனில் எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். முதல் காலத்தில் முட்டி பாதத்துக்கு நேராகவே நிற்கிறது. மூன்றாம் காலம் வந்ததும் வலது பாதத்தின் உள்வளைவு தரையில் படிகிறது, முட்டி கட்டைவிரலையும் தாண்டி உள்ளே சாய்கிறது. எதிரே நின்று ஆடும் மாணவியிடம் இதை நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். என் காலை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

பிறகு குப்புறப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, பாதத்தை உள்பக்கமாகச் சாய்த்து அளந்தார். தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குள் எவ்வளவு வெளிப்பக்கம் சுழல்கிறது என்று பார்க்கிற சோதனை அது. இடது பக்கம் 50 டிகிரி, வலது பக்கம் 35. முட்டிகளை இருபக்கமும் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டிக்கு வேண்டிய திருப்பம் இடுப்பிலிருந்து வரவேண்டும். அங்கே கிடைக்காத மிச்சத்தைப் பாதத்தைத் திருகி வாங்கினால் அந்த முறுக்கு முழுவதும் முட்டியில் போய் விழும். அரைமண்டியில் உட்காரச் சொல்லி என் பாதத்தைப் பிடித்து ஒரு விரற்கடை உள்ளே திருப்பினார். முட்டி இரண்டாம் விரலுக்கு நேராக வந்தது, குத்தல் பாதியாகக் குறைந்தது. அதற்கு முன் கேட்ட எந்த விளக்கமும் எனக்கு இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

கை வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்காகத்தானே போகிறோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் பிரிபார்மிஸ் தசையில் முழங்கையை மெல்ல இறக்குகிறார். வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருப்பார், ஆறைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைத்துவிடுவார். அப்படியே பிடித்துக்கொண்டு என்னையே காலை மெதுவாகத் திருப்பச் சொல்வார். தசை இழுபட்டு, ஒரு கட்டத்தில் இளகுவது எனக்கே தெரியும். பேன்ட் பாக்கெட் வருகிற இடம், தொடையின் உள்பக்கம், கெண்டைக்கால் எல்லாம் இதே போல்தான். முட்டியில் கை வைக்கவே இல்லை.

முடித்த உடனே எழுந்து ஆடச் சொன்னார். கால் அவ்வளவு லேசாக இருந்தது. "இந்த லேசு ஒருநாள் ரெண்டுநாள்தான் இருக்கும் டீச்சர், அதுக்குள்ள பயிற்சியை ஆரம்பிச்சிடணும்" என்று சொல்லி ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்தார். ஒருக்களித்துப் படுத்து முட்டியைத் திறந்து மூடுவது, ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்குவது, முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு குதிகால் உயர்த்துவது, சுவரில் சாய்ந்து 45 விநாடி அரைமண்டி. அடுத்த தடவை போனதும் செய்து காட்டச் சொல்வார். செய்யாமல் போனால் நிச்சயம் தெரிந்துவிடும்.

ஆட்டத்தை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. முட்டியைத் தரையில் ஊன்றும் மண்டி அடவும் முழுதாகக் குந்தும் முழுமண்டியும் மட்டும் சில வாரம் வேண்டாம், மூன்றாம் காலம் வேண்டாம், வகுப்பில் எழுந்து ஆடிக் காட்டுவதைக் குறைத்துத் தட்டுக்கழியை வைத்தே சமாளியுங்கள் என்றார். மறுநாள் காலை படி இறங்கும்போது வலி முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். தரை எப்படி என்றும் கேட்டார். சிமென்ட் மேல் டைல்ஸ் பதித்த தரையில்தான் என் வகுப்பு. இப்போது ரப்பர் பாய் விரித்து, மேலே பிளைவுட் பலகை போட்டிருக்கிறேன். தட்டும் சத்தம் கணீரென்று கேட்கிறது, பிள்ளைகளுக்கும் அது பிடித்திருக்கிறது.

என் மாணவி ஒருத்தியை முட்டிக்குக் கீழே முன்காலில் வலி என்று கூட்டிக்கொண்டு போனேன். எலும்பின் மேல் விரல் நுனி அளவு ஓரிடத்தில் அழுத்தினால் துடித்தாள், ராத்திரியும் வலி இருந்தது. "இதுல நான் கை வைக்க மாட்டேன், எலும்பில் விரிசல் இருக்கலாம்" என்று எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவிட்டார், காசும் வாங்கவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான். முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜைக்குத் தேதி குறித்துவிட்டோம் என்பதற்காகப் பிள்ளைகளின் காலில் தைலம் தேய்த்து ஆடவைக்கும் பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. லிப்ட் கிடையாது, முட்டி வலியோடு இரண்டு மாடி ஏற வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு 1,200 ரூபாய், வளரும் கலைஞர்களுக்கு அது பெரிய தொகை. மாணவிகளுக்கு ஒரு சலுகைக் கட்டணம் வைக்கலாம் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஞாயிறு விடுமுறை. எங்களுக்கு வகுப்பில்லாத நாளே இல்லை என்பதால் வாரநாளில் மத்தியானம்தான் போக முடிகிறது.

இப்போது நீண்ட உருப்படியான வர்ணம் முழுவதும் ஆடுகிறேன், மூன்றாம் காலமும் திரும்பிவிட்டது. நெடுநேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் மட்டும் முட்டி கொஞ்சம் பிடிக்கிறது. பட்டைப் பயிற்சியை விடவில்லை.

மார்கழியில் நிகழ்ச்சி இருப்பவர்கள் ஐப்பசியிலேயே கேட்டு வைத்துவிடுங்கள், கார்த்திகை பிறந்துவிட்டால் இடம் கிடைப்பதில்லை. முட்டிக்கு மேல் மடிக்கிற மாதிரி தளர்வான பைஜாமா போட்டுக்கொண்டு போங்கள், சலங்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கனத்தோடும் ஒருமுறை ஆடச் சொல்லிப் பார்ப்பார்.