வீணையைப் பார்சல் போட்டு 11 வருடம்

மே மாதத்தில் வேலூரிலிருந்து வீணை அனுப்பாதீர்கள். கத்திரி வெயில் முடியட்டும். மற்றதெல்லாம் அப்புறம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் நான் எழுதிய மொய்யிலேயே பெரிய மொய் இதுதான்.

சத்துவாச்சாரியில் வீட்டில் வைத்தே வீணை சொல்லிக்கொடுக்கிறேன். கடை கிடையாது, வியாபாரமும் கிடையாது. ஆனால் படித்த பெண்கள் கல்யாணமாகி பெங்களூரு, புனே, டெல்லி என்று போய்விடுகிறார்கள். வீணை மட்டும் அம்மா வீட்டுப் பரணில் கிடக்கும். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் “டீச்சர், நீங்களே பார்த்து அனுப்பி வையுங்களேன்” என்று போன் வரும். மேளம் கட்ட, அதாவது தந்திக்குக் கீழே இருக்கும் மெட்டுக் கம்பிகளை மெழுகில் புதிதாகப் பிடித்து நிறுத்த, தஞ்சாவூர் போய்த் திரும்புகிற வீணைகள் தனி. பின் தெருவில் மிருதங்கம் வாசிக்கிற தம்பி ஒருவன், படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புகிற விஐடி பையன்களின் கிடார்களையும் என் தலையில் கட்டிவிடுவான். இப்படி இதுவரை 63 உருப்படி போயிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் லாங் சைஸ் நோட்டில் கணக்கு இருக்கிறது: எதில் போட்டேன், எவ்வளவு கொடுத்தேன், எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது. அடிபட்டவை 7. அதில் 5 முதல் மூன்று வருடத்திலேயே.

அந்த மே மாதக் கதை இது. புனேவுக்கு ஒரு பலாமர வீணை. பெட்டி நன்றாகத்தான் கட்டியிருந்தேன். போய்ச் சேர 9 நாள் ஆனது. அதில் 4 நாள் ஏதோ ஒரு கிடங்கு வாசலில் தகரக் கூண்டு லாரிக்குள் நின்றிருக்கிறது. அந்தப் பெண் பெட்டியைத் திறந்து வீடியோ அனுப்பினாள். பெட்டியில் ஒரு கீறல் இல்லை. உருண்டைக் குடம் சரி, நீளமான தண்டி சரி, நுனியில் இருக்கும் யாளி முகம் சரி. மெட்டுகள் மட்டும் காற்றில் சாய்ந்த வேலி மாதிரி ஒரு பக்கமாகப் படுத்திருந்தன. வீணையின் 24 மெட்டுகளும் ஆணியில் நிற்பவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து பிடித்த திட்டில் நிற்பவை. தேன்மெழுகு உருகுவதற்கு 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் இளகுவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை, வெயிலில் மூடிக் கிடக்கும் லாரி போதும். மேலே தந்தி இழுத்துக்கொண்டு இருக்கிறது, கீழே மெழுகு கொழகொழவென்று இருக்கிறது, லாரி குலுங்குகிறது. அப்புறம் என்ன ஆகும்? புனேயில் மேளம் கட்டத் தெரிந்தவர் கிடைக்காமல் அந்த வீணை திரும்ப இங்கே வந்து, தஞ்சாவூர் போய், மறுபடி புனே போனது. மூன்று பார்சல் செலவு, ஒரு மேளம் கட்டும் கூலி.

இதைக் கூரியர்காரர்களின் தவறு என்று சொல்ல மாட்டேன். யாரும் போடவில்லை, மிதிக்கவில்லை. அனுப்பியது நான்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தூரத்துக்கும் சேதத்துக்கும் சம்பந்தமே இல்லை. டெல்லிக்கு முழுசாகப் போயிருக்கிறது, திருவண்ணாமலைக்கு உடைந்து போயிருக்கிறது. சம்பந்தம் இருப்பது கை மாறுவதற்கு. எத்தனை முறை ஒருவர் தூக்கி இன்னொருவரிடம் கொடுக்கிறார், எத்தனை முறை லாரியிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து லாரிக்கும் போகிறது, அவ்வளவுதான் கணக்கு. சாதாரணக் கூரியரில் போட்டால் இங்குள்ள கிளை, அங்கிருந்து சென்னைக் கிடங்கு, போகிற ஊர்க் கிடங்கு, அந்த ஊர்க் கிளை, கடைசியில் பைக்கிலோ குட்டி வண்டியிலோ வீடு. ஒவ்வொன்றிலும் ஏற்று, இறக்கு. சாமானைக் கன்வேயரில் தள்ளிவிடும் இடமாக இருந்தால் இன்னும் மோசம், வீணைப் பெட்டியின் நீளத்துக்கு வளைவில் மூலை இடிக்காமல் போகாது.

அதனால் பெங்களூருக்கும் சென்னைக்கும் நான் கூரியரே போடுவதில்லை. ராத்திரி போகும் பஸ்ஸில் பார்சல். இங்கே ஒரு தடவை ஏற்றுகிறார்கள், அங்கே ஒரு தடவை இறக்குகிறார்கள், முடிந்தது. ராத்திரி என்பதால் வெயிலும் இல்லை. டிக்கியில் அடியில் வைக்காமல் மேலே வைக்கச் சொல்லி, ஏற்றுகிற வரை பக்கத்தில் நிற்பேன். முதல் முறை நான் கொண்டுபோன நீளமான பிளைவுட் பெட்டியைப் பார்த்துவிட்டு லோடுமேன் கேட்டது இன்னும் மறக்கவில்லை: “இன்னாக்கா இது, உள்ள யார்னா கீறாங்களா?” வீணை என்றதும் குரலே மாறிவிட்டது. “சரஸ்வதியாக்கா? அப்ப மேல எதுவும் வெக்க மாட்டன், நீ போ.” ஃப்ரஜைல் ஸ்டிக்கர் பத்து ஒட்டினாலும் கிடைக்காத மரியாதை அது. அன்றிலிருந்து பெட்டியின் நான்கு பக்கமும் மார்க்கரில் தமிழிலும் இந்தியிலும் ‘வீணை’ என்று பெரிதாக எழுதி, ஒரு வீணைப் படமும் வரைந்துவிடுகிறேன். படம் கேவலமாகத்தான் இருக்கும், வேலை செய்கிறது.

பஸ்ஸில் ஒரு சங்கடம், விடியற்காலை நாலரை மணிக்கு வாங்குகிறவர் அங்கே நிற்க வேண்டும். டெல்லி மாதிரி தூரத்துக்கு இது உதவாது. அதற்குக் காட்பாடி போய் ரயில் பார்சலில் பதிவது ஒரு வழி. நான் மூன்று முறை போட்டிருக்கிறேன், மூன்றும் நல்லபடியாகச் சேர்ந்தன. ஆனால் அங்கே வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாச் சாமானும் ஏற வேண்டும், யாருக்கும் நிதானம் இருக்காது. அதனால் மரப்பெட்டி இல்லாமல் ரயிலை நினைக்காதீர்கள். வயலின், புல்லாங்குழல், தம்பூரா பெட்டி மாதிரி சின்னதற்கெல்லாம் தபால் ஆபீஸ் ஸ்பீடு போஸ்ட்தான் என் முதல் தேர்வு, 35 கிலோ வரை வாங்குகிறார்கள்.

இனி பெட்டி. எல்லோரும் வெளியிலிருந்து வரும் அடியை நினைத்தே கட்டுகிறார்கள். என் அனுபவத்தில் வாத்தியத்தை உடைப்பது உள்ளே அது ஆடுகிற ஆட்டம். திருவண்ணாமலைக்குப் போன வீணையை நானும் அப்படித்தான் கட்டினேன். வெளியே அரை அங்குல பிளைவுட், உள்ளே பழைய பெட்ஷீட் இரண்டு. பெட்டி எங்கோ குத்தென்று நிமிர்ந்து விழுந்திருக்கிறது, உள்ளே எட்டு கிலோ எடை வழுக்கிப்போய் யாளியின் கழுத்தில் இறங்கிவிட்டது. யாளி முகம் தனியாகக் கழன்று, பெட்ஷீட்டுக்குள் சுருண்டு கிடந்தது. நல்லவேளை அது ஒட்டு வீணை, இணைப்பில் விட்டது, ஒட்டிவிட்டார்கள். ஏகாண்ட வீணையாக இருந்தால் ஒரே மரம், நடுமரத்தில் விரிசல் ஓடியிருக்கும்.

இப்போது கட்டும் விதம் இப்படி. முதலில் தந்திகளை மூன்று நான்கு சுருதி இறக்குவேன், முழுக்கத் தளர்த்த மாட்டேன். தந்தியைத் தாங்கும் குதிரை, அந்தத் தந்தி அழுத்துவதால்தான் குடத்தின் மேல் நிற்கிறது, முழுக்க விட்டால் அது நகர்ந்துவிடும். நகர்ந்தாலும் பழைய இடம் தெரியட்டும் என்று குதிரையின் காலைச் சுற்றி மெல்லிய பென்சில் கோடு. மெட்டுகளுக்கும் தந்திக்கும் நடுவே பழைய வேட்டித் துணியை நாலு விரல் அகலத்தில் கிழித்து நுழைத்துவிடுவேன். சுரைக்குடுக்கையைத் திருகிக் கழற்றி, உள்ளே செய்தித்தாள் அடைத்து, தனி அட்டைப்பெட்டியில் போட்டு, தண்டிக்கு அடியில் இருக்கும் காலி இடத்தில் செருகிவிடலாம். தந்தியை முறுக்கும் பிருடைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு மடங்கு பஞ்சு.

பஞ்சு என்றால் தலையணைப் பஞ்சு இல்லை. இங்கே நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது: ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் வெட்டித் தள்ளுகிற ஃபோம் துண்டுகள். மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறேன். செருப்புக்கு அடியில் வைக்கிற அந்த கெட்டி ஃபோம் அமுங்கினால் மறுபடி எழும்பும். பபிள் ஷீட் ஒரு தடவை வெடித்தால் முடிந்தது, தெர்மோகோல் உடைந்து வீணை முழுக்க வெள்ளைப் பொடியாக ஒட்டிக்கொள்ளும், தூரிகையால் எடுத்தாலும் போகாது. குடத்தின் அடியில், தண்டியின் நடுவில், யாளிக்கு முன்னால் என்று மூன்று இடத்தில் ஃபோமை வெட்டித் தொட்டில் மாதிரி அமைக்கிறேன். எடை முழுக்கக் குடத்தில் உட்கார வேண்டும். யாளி எதையும் தொடக் கூடாது, சுற்றிலும் காற்றாக இருக்கட்டும். மூடிய பிறகு பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பேன், பிறகு தலைகீழாக ஒரு பத்து நிமிடம் வைப்பேன். ‘கடக்’ என்று ஒரு சத்தம் வந்தால் திறந்து மறுபடி கட்டுவேன்.

இப்படிக் கட்டினால் பெட்டி பெரிதாகிறது, அங்கேதான் பர்ஸில் கை வைக்கிறார்கள். கூரியரில் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். என் பெட்டி 140, 45, 45. வகுத்தால் 56.7 வருகிறது. தராசில் 17 கிலோ, பில்லில் 57. இதை ஏமாற்றலாம் என்று ஒருமுறை தச்சரிடம் சொல்லி ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக ஒரு பெட்டி செய்தேன். கவுண்டரில் இருந்த பெண் டேப்பை அகலமான பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு, “எங்களுக்கு இதுதாங்க மேடம் கணக்கு” என்றாள். தச்சர் கூலி தண்டம். அந்தப் பெட்டியில் இப்போது குடைகள் இருக்கின்றன.

பில் எழுதும்போது கவனமாக இருங்கள். 2017இல் நான் வாய் மூடிக்கொண்டிருந்ததற்கு விலை கொடுத்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். உள்ளே என்ன என்று கேட்டார்கள், வீணை என்றேன். ‘மரச்சாமான்’ என்று எழுதி, மதிப்பு 500 என்று அவர்களாகவே போட்டுக்கொண்டார்கள். வரிசை நீளமாக இருந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். குடத்தில் விரிசலோடு போய்ச் சேர்ந்தபோது, 500 ரூபாய் மரச்சாமானுக்கு என்ன கிடைக்குமோ அதுகூடக் கிடைக்கவில்லை, ரசீதின் பின்பக்கம் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று இருந்ததாம். இப்போதெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் ‘உபயோகித்த சொந்த வீணை, விற்பனைக்கு அல்ல’, உண்மையான மதிப்பு, இரண்டு பேர் முகவரி என்று எழுதிக் கையோடு கொண்டுபோகிறேன். காப்பீடு தனியாகக் கேட்டு வாங்குகிறேன். புது வீணையாக இருந்தால் பில் அவசியம். கையால் செய்த நம் நாட்டு வாத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது.

வாங்குகிறவருக்கும் ஒரு பாடம் நடத்திவிடுவேன். பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ‘பெட்டி சேதம்’ என்று எழுதிவிட்டுத்தான் வாங்க வேண்டும். திறப்பதை வீடியோ எடுக்க வேண்டும். திறந்த உடனே சுருதி கூட்டக் கூடாது, ஒரு நாள் அந்த ஊர்க் காற்றில் சும்மா இருக்கட்டும்.

மிருதங்கத்துக்கு இவ்வளவு பாடு இல்லை, அதன் மரத்துக்கு எதுவும் ஆகாது. தோலும், அதன் நடுவில் அப்பிய கருப்புக் கரணையும்தான் கவலை. இரண்டு முகத்துக்கும் வட்டமாக பிளைவுட் வெட்டி, நடுவில் ஃபோம் வைத்துக் கட்டினால் போதும். ஆனால் தொப்பியில், அதாவது இடது முகத்தில், அப்பிய ரவையைச் சுரண்டித் துடைக்காமல் அனுப்பாதீர்கள். பின் தெருத் தம்பி ஒரு கச்சேரி முடிந்த கையோடு, ஐப்பசி அடைமழையில், ரவையோடு பிளாஸ்டிக் சுற்றி மைசூருக்கு அனுப்பினான். ஐந்து நாள் கழித்துத் திறந்தபோது தொப்பியில் பச்சைப் பூஞ்சை. மழைக்காலத்தில் முதல் சுற்று துணி, அதற்கு மேல்தான் பிளாஸ்டிக். கஞ்சிரா அனுப்பச் சொல்லி யாராவது கொடுத்தால், தோல் என்ன என்று கேளுங்கள். பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோல், அது வனவிலங்குச் சட்டத்தில் தடை செய்தது. ஆட்டுத்தோல் என்றால் வம்பில்லை.

வயலினில் தந்தியை மொத்தமாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கிற சின்ன மரத்தூண் விழுந்துவிடும், வில்லை மட்டும் நன்றாகத் தளர்த்துங்கள். கிடார் எப்போதும் தலைப்பக்கம்தான் உடையும், அந்தக் கழுத்துக்கு அடியில் தாங்கல் கொடுங்கள். இதற்கு மேல் கிடார் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக்கு இரண்டே முறை அனுப்பியிருக்கிறேன். வெறும் மரப்பலகைப் பெட்டியாக இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை கேட்கிறார்கள், பிளைவுட்டுக்குக் கேட்பதில்லை. பழைய வீணையில் யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் அதை அனுப்பும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

என் பிளைவுட் பெட்டி இதுவரை 14 முறை போய் வந்திருக்கிறது. வாங்குகிறவர் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் நிபந்தனை, திரும்பி வரும்போது அதற்குள் புளியோ, மைசூர் பாகோ, ஒருமுறை நாக்பூர் ஆரஞ்சோகூட வந்திருக்கிறது. தாழ்ப்பாள் ஒன்று போய்விட்டது. ஆடி பிறந்ததும் பெங்களூருக்கு அடுத்த வீணை போக வேண்டும், அதற்குள் தச்சரைக் கூப்பிட வேண்டும். குடைப்பெட்டி விஷயத்தில் அவருக்கு என் மேல் இன்னும் கோபம்.