டிஎஸ்9: எக்ஸ்-கதிர் வானம் பார்க்க ஓர் இலவச மென்பொருள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 6 பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். விண்மீன்களுக்கு நடுவே தூசி இருக்கிறது, அது எக்ஸ்-கதிரைத் தடுக்கும், சிதறடிக்கும் என்று பல வருடமாக வாயால்தான் சொல்லி வந்தேன். இப்போது கண்ணால் காட்ட முடிகிறது.

ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் தரும் டிஎஸ்9-ஐ இறக்கிக்கொண்டு, சந்திரா என்ற எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் காப்பகத்தில் வி404 சிக்னி என்ற கருந்துளையின் 2015 ஜூலைக் கோப்பை எடுத்தேன். (அந்தச் சந்திரா என்ற பெயர் நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரிலிருந்து வந்ததுதான்.) எங்கள் வீட்டு இணையத்தில் கோப்பு இறங்க ஒரு ராத்திரி ஆனது. திறந்தால் ஏறக்குறைய முழுக் கறுப்பு. கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வெளிச்ச அளவுகோலை 'லாக்' (மடக்கை) என்று மாற்றி, கொஞ்சம் மென்மையாக்கியதும் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக எழும்பி வந்தன.

அப்பா விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போவார். பனி இறங்கிய நாளில் அவர் தலைவிளக்கைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் கூடவே போகும். தூசியும் எக்ஸ்-கதிரை அப்படித்தான் சற்றே திருப்பிவிடுகிறது. ஆனால் அப்படித் திசை திரும்பி வரும் கதிருக்குப் பாதை நீளம், அதனால் தாமதமாக வருகிறது. ஜூனில் கருந்துளையைச் சுற்றியுள்ள வாயு பொங்கி வீசிய வெளிச்சம் ஜூலையில் வளையமாகத் தெரிவது இதனால்தான். வழியில் எத்தனை தூசித் திரையோ அத்தனை வளையம். ஆய்வாளர்கள் இதில் எட்டு கண்டார்கள். நமக்குப் பக்கத்தில் இருக்கும் திரையின் வளையம்தான் பெரியது.

டிஎஸ்9-இல் எனக்கு மிகவும் பிடித்தது ஆற்றல் வடிகட்டி. ஒவ்வொரு கதிரின் ஆற்றலும் கோப்பிலேயே இருக்கிறது. 1000 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே மட்டும் வைத்தால் வளையம் மங்கிவிடும், அந்தக் கதிர்களை நடுவில் உள்ள வாயுவும் தூசியும் விழுங்கிவிடுகின்றன. 1000 முதல் 3000 வரை பளிச்சென்று நிற்கும். அதற்கு மேலே போகப்போகச் சிதறல் வேகமாகக் குறையும். ஆற்றல் இரட்டித்தால் சிதறல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எடுக்கும் விஷயம், மூன்று எண்ணை மாற்றினால் முடிந்தது.

எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் என்று காட்டும் நிறமாலையை முறையாகக் கணக்கிட டிஎஸ்9 மட்டும் போதாது, வேறு மென்பொருள் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போதும். போன சனிக்கிழமை ஒரு மாணவி வளையத்தின் மேல் வட்டம் வரைந்து ஆரத்தைப் படித்தாள். "டீச்சர், அப்ப இந்தத் தூசி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு நாமே கண்டுபிடிக்கலாமா?" என்றாள். கணக்கை ஆரம்பித்துவிட்டோம்.