தபால் பெட்டிக்குள் தீ: வாயுவா, தூளா, தண்ணீரா?

தபால் பெட்டியின் வாயிலிருந்து புகை வந்தால், ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். தீ அணைந்துவிடும், சரி. ஆனால் தீ தின்றது பத்துக் கடிதம், தண்ணீர் கெடுத்தது நூறு என்று ஆகிவிடும். தீயணைப்பு வீரர்கள் இதில் தயங்குவது அதனால்தான்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான் எல்லோருக்கும் பிடித்தது. அதன் கொம்பை, அதாவது வாயு வெளிவரும் புனல் முனையை, பெட்டியின் வாயில் வைத்து அழுத்தினால், காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு அடிவரை இறங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். கடிதம் நனையாது, கறையும் படியாது. வெட்டவெளியில் கலைந்துபோகிற வாயுவுக்கு மூடிய பெட்டி தோதான இடம்தான். சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. அது நீறு பூத்த நெருப்பு ரகம்: சுவாலை அடங்கிய பிறகும் கட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும், அந்தக் கங்குக்கு ஆக்சிஜன் கொஞ்சம் இருந்தாலே போதும். வாயு சூட்டைப் பெரிதாக எடுப்பதும் இல்லை. அணைந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தால், காற்று பட்டதும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

உலர் தூள் எனக்குப் பிடிக்காத வழி. சுவாலையை நொடியில் அடக்கும், ஆனால் கட்டுக்குள் நுழையாது, பெட்டியையும் அரிக்கும், ஒவ்வொரு உறையையும் தட்டித் தட்டித் துடைக்க வேண்டியிருக்கும்.

வாயை ஈரச் சாக்கால் அடைப்பது சாவி வரும்வரை நேரம் வாங்கத்தான்.

அப்போ தண்ணீர்? அளவோடு என்றால் அதுதான் வேலையை முடிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவியாகிறது, ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் சூடேறிய பெட்டிக்குள் நுண்ணிய தூறலாக இரண்டு மூன்று முறை விட்டாலே நிறையச் சூடு இறங்கிவிடும். நனைந்த கடிதத்தை உறையவைத்து உலர்த்தி மீட்கலாம். பால்பாயிண்ட் முகவரி தாங்கும், ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் ஓடிவிடும். சாம்பலான கடிதத்துக்கோ மருந்தே இல்லை.

பெட்டிக்குள்ளேயே தானியங்கி அணைப்பானைப் பொருத்துவது இன்னொரு வழி. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் போர்ட்லாந்திலும், ஆற்றுக்கு அக்கரையில் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலும் வாக்குச்சீட்டு போடும் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். போர்ட்லாந்தில் அணைப்பான் வேலை செய்ததால் மூன்றே சீட்டுகள் சேதம். வான்கூவரிலும் அணைப்பான் இருந்தது, ஆனால் காப்பாற்றவில்லை, நூற்றுக்கணக்கில் போயிற்று. ஆக, அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

என் ஓட்டு இப்படி: முதலில் வாயு, அப்புறம் சாவியோடு ஆள் வந்ததும் கொஞ்சம் தூறல். பார்சலில் லித்தியம் பேட்டரி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் கடிதத்தைப் பற்றி யோசிக்காமல் நேரே தண்ணீர்தான். கதவைத் திறக்கும்போது எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கட்டுகளைப் பிரித்து, கையுறையைக் கழற்றிப் புறங்கையை அருகில் கொண்டுபோய் எங்கே இன்னும் சுடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதிக நேரம் பிடிப்பது இதற்குத்தான்.