தாம்சன் ‘மாடல் ஏ’: பழைய ஈ கட்டும் வைஸும் அதனுடன் வரும் பெட்டியும்

ட்ரௌட், சால்மன் போன்ற மீன்களுக்காகத் தூண்டில் முள்ளின் மீது இறகையும் ரோமத்தையும் நூலால் சுற்றிப் பூச்சியுருவம் செய்வதை ஃப்ளை டையிங், அதாவது ஈ கட்டுதல் என்பார்கள். கட்டி முடியும்வரை முள்ளை அசையாமல் பிடித்திருப்பது வைஸ். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு அருகிலுள்ள எல்ஜின் நகரில் இயங்கிய டி.எச். தாம்சன் நிறுவனத்தின் ‘மாடல் ஏ’, கடந்த நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் அந்நாட்டில் ஈ கட்டியவர்களின் மேசைகளில் இருந்த வைஸ். பெருமளவில் விற்ற பொருள் என்பதால் பழம்பொருள் சந்தைகளில் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது; சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு விலையை ஏற்றிவிடாத அந்த எளிமையே, கட்டுவதற்காக வாங்குபவருக்கு இதிலுள்ள முதல் அனுகூலம்.

இதன் அமைப்பு, கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். முன்முனை பிளவுபட்ட ஒரு காலெட் (பிடிதண்டு), குழல் போன்ற உறைக்குள் நிற்கிறது. பின்னாலுள்ள லீவரை அழுத்தினால் அதனுடன் திரும்பும் கேம் (மையம் விலகிய வட்டு) காலெட்டைப் பின்னோக்கி இழுக்கும். காலெட்டின் சரிவான தோள் உறையின் வாயில் நெருக்கப்பட்டு இரண்டு தாடைகளும் மூடிக்கொள்ளும். முள்ளுக் கம்பியின் தடிமன் மாறும்போது தாடைகளின் இடைவெளியை முதலில் சரிசெய்துகொண்டு, பிறகே லீவரை அழுத்த வேண்டும். மேசை விளிம்பில் இறுக்கச் சி கிளாம்ப் ஒன்று உண்டு. உயரத்தையும் அதிலேயே கூட்டிக் குறைக்கலாம். இவ்வளவு குறைவான பாகங்களைக் கொண்டு இவ்வளவு உறுதியான பிடியைத் தருகிற கருவியைச் சிக்கனமான பொறியியலுக்கு நல்ல உதாரணமாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் பழைய வைஸை வாங்குபவர் பார்க்க வேண்டியது முத்திரையையோ மேற்பூச்சையோ அன்று, தாடைகளின் நுனியை. மெல்லிய முள்ளுக்கான தாடைகளில் தடித்த சால்மன் முள்ளைத் திணித்து அழுத்தியவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள்; கடினப்படுத்திய எஃகு வளையாது, நுனியில் சில்லுச் சில்லாக உடையும். மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனியில் ஒளிக்கீற்று தெரிந்து, பின்பகுதியில் மட்டும் தாடைகள் பொருந்தியிருந்தால், அந்த வைஸ் சிறிய முள்ளைப் பிடிக்காது. அடுத்ததாக 14ஆம் எண் முள்ளை (எண் கூடக்கூட முள் சிறிதாகும்) அதன் வளைவின் அடிப்பகுதியில் மாட்டி, முள்ளின் கண்ணருகே, அதாவது தூண்டில் நூல் கட்டும் துளையருகே, விரலால் கீழ்நோக்கி அழுத்துங்கள். தாடைகளுக்கிடையே முள் நழுவாமல், கம்பி மட்டும் விரலுக்கு இசைந்து மீள வேண்டும். லீவரை முழுவதும் அழுத்திய பிறகும் முள் நழுவுமானால், இடைவெளி சரிசெய்யப்படாமல் இருக்கலாம், அல்லது கேம் தேய்ந்திருக்கலாம். முன்னதை அங்கேயே சரிசெய்துவிடலாம். பின்னது இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வருவதே நல்லது.

இதே வடிவத்தில் இந்தியாவில் செய்யப்பட்ட மலிவு நகல்களும் ஏராளமாகப் புழங்குகின்றன. தோற்றத்தில் வேறுபாடு அதிகமில்லாத இவற்றில் சிலவற்றின் தாடை எஃகு மென்மையானது. முள்ளின் தடம் பள்ளமாகப் பதிந்து, நாளடைவில் பிடி தளர்ந்துவிடும். கற்கத் தொடங்குபவருக்கு இவை போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதிய வைஸ்களுடன் ஒப்பிட்டால் குறைகள் தெளிவாகத் தெரியும். ரென்செட்டி நிறுவனத்தின் வைஸில் முள் தன் தண்டின் அச்சிலேயே சுழலுவதால், நூலையும் இறகையும் நேராகப் பிடித்தபடி முள்ளைச் சுழற்றியே சுற்றிவிடலாம்; மாடல் ஏயில் அதற்கு வழியில்லை. ரீகல் நிறுவனத்தின் வைஸில் ஸ்பிரிங் விசையே தாடைகளை மூடுவதால் ஒவ்வொரு முள்ளுக்கும் இடைவெளியைத் திருத்தும் வேலை கிடையாது. 10 முதல் 16 வரையிலான எண்களில் எளிய ஈக்களைக் கட்டுபவருக்கு இவ்விரு வசதிகளும் அவசியமில்லை என்பது என் கருத்து. பெரிய முட்களில் மான் ரோமத்தை இறுக்கிக் கட்டுபவருக்கு மாடல் ஏ ஏற்றதன்று.

வைஸ் பெரும்பாலும் ஒரு பழைய பெட்டியோடு வந்து சேரும். அதிலுள்ள ஹேக்கிள் (இறகு) இடுக்கி, பாபின் (நூல்கண்டு தாங்கி), கத்தரி ஆகியவற்றைத் துடைத்து எண்ணெய் விட்டால் இன்னும் பல காலம் உழைக்கும். மஸ்டாட் நிறுவனத்தின் 94840 போன்ற பழைய முட்கள் துருப்பிடிக்காமல் இருந்தால் கூர்தீட்டிப் பயன்படுத்தலாம். பட்டு நூலை இழுத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. வெளிச்சத்தில் கிடந்த பட்டு லேசான இழுப்புக்கே அறும். இறகுப் பொட்டலங்களை, அந்துப்பூச்சியும் அதன் புழுக்களும் பரவாமல் தனித்தனி உறைகளில் மூடி, சில நாள்கள் உறைபெட்டியில் வைத்த பிறகே மற்ற பொருள்களோடு சேர்க்க வேண்டும்.

அப்பொட்டலங்களில் ‘ஜங்கிள் காக்’ என்று எழுதியிருந்தால் நம் வாசகர்கள் சற்று நிதானிக்கலாம். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. அதன் நுனியில் மெழுகு சொட்டியதுபோலத் தெரியும் வெளிர்மஞ்சள் புள்ளிக்காகவே, ஜாக் ஸ்காட் போன்ற சால்மன் ஈக்களில் அதைப் பக்கங்களில் வைத்துக் கட்டினார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைப் பாதுகாக்கிறது. அமெரிக்கப் பெட்டிகளில் சீல், துருவக்கரடி ரோமங்களும் இருக்கக்கூடும். அங்கும் 1972இலேயே கடல் பாலூட்டிகளுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆகவே பெட்டியை முழுதாக எல்லை தாண்டித் தபாலில் வரவழைக்காமல், வைஸையும் உலோகக் கருவிகளையும் மட்டும் அனுப்பும்படி விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சி கிளாம்பும் அதன் திருகும் உடன் இருக்கின்றனவா என்பதையும் பணம் அனுப்பும் முன் படத்தில் பார்த்துவிடுங்கள்.